வடிகட்டியின் வாசிப்பு

திருப்புலிவனம் வியாக்ரபுரீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அக்காலக் கல்லில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். கல்வெட்டு அச்சேறும்போது புள்ளியை இடுகிறவர் பதிப்பாசிரியர். கல்லுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு வாசிப்பு நடந்துவிடுகிறது. அச்சுப் பக்கம் அதைக் காட்டிக்கொள்வதில்லை.

கை அச்சில் இந்த இடைவேலை கம்பாஸிடரின் விரல்களில் இருந்தது. 'கெ' என்று படித்தவர் கொம்பை முதலில் எடுத்தார், பிறகு ககரத்தை. ஒலியின் வரிசை வேறு, அச்சின் வரிசை வேறு.

அமெரிக்காவில் டொனால்ட் க்னூத் 1978இல் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலுக்குக் கொம்பு தெரியாது. ஆகவே அதன் வாசலில் இன்னொரு நிரலை நிறுத்த வேண்டியிருந்தது. அவினாஷ் சோப்டேயின் ஐட்ரான்ஸ் 1990களில் அப்படிப் பயன்பட்டது. ரோமன் எழுத்தில் உச்சரிப்புப்படி தட்டிய தமிழ், கோப்பில் இரு குறிகளுக்கு நடுவே இருக்கும். வடிகட்டி அந்தப் பகுதியை மட்டும் எழுத்துருவின் எண்களாக மாற்றும், கொம்பை முன்னே தள்ளும், மற்றதைத் தொடாமல் டெக்கிடம் அனுப்பும்.

சிக்கல் நகர னகரத்தில் வருகிறது. தட்டுகிறவருக்குத் தனித்தனிக் குறி தருவது ஒரு வழி. மொழிமுதலிலும் தகரத்துக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் ன என்று நிரலிலேயே விதி எழுதிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது சௌகரியமானது. ஆனால் அதில் வெந்நீர் 'வென்னீர்' ஆகும். அது கண்ணில் பட்டுவிடும். முந்நூறு 'முன்னூறு' ஆகும்போது 300 என்ற எண், முன்னால் வந்த நூறாகிவிடுகிறது. பிழை என்று தோன்றாமலே பொருள் மாறுகிறது. கம்பாஸிடர் தவறினால் ஒரு இடத்தில் தவறுவார். விதி தவறினால் புத்தகம் முழுக்கத் தவறும், அதுவும் ஒரே சீராக.

1991இல் வந்த யூனிகோடு தமிழை ஒலி வரிசையில் வைத்தது. கொம்பை நகர்த்தும் வேலை எழுத்துருவின் பக்கம் போயிற்று. வடிகட்டி மறைந்துவிடவில்லை. லுவாடெக்கில் ஒவ்வொரு வரியையும் கோப்புக்குள் நுழையும் தருணத்திலேயே லுவா நிரல் ஒன்று மாற்றிவிட முடியும். பழைய நூல்களின் எழுத்தமைதியை ஒரே வரி விதியால் 'திருத்தி'விடும் ஆசை இனி எவருக்கும் எளிது.

கல்வெட்டாளரிடம் மைப்படி இருக்கிறது. புள்ளியில் சந்தேகம் வந்தால் அதற்குத் திரும்பலாம். அச்சுக்கோப்பிலும் மூலம் தனியாக, தொடப்படாமல் இருக்க வேண்டும். விதிகள் தனியாக, பிறர் படிக்கும்படி இருக்க வேண்டும். வடிகட்டிய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பவர், புள்ளி இட்ட கையோடு கல்லையும் உடைக்கிறார்.