யார் இந்த 'கிட்னா' கிருஷ்ணன்? மறைவுக்குப் பிறகு பத்மஸ்ரீ பெற்ற நீலகிரியின் குறும்பர் ஓவியர்!

2026 குடியரசு தினத்தையொட்டி வெளியான பத்ம விருதுப் பட்டியலில், தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு நடுவே 'ஆர்.கிருஷ்ணன் (மறைவுக்குப் பின்)' என்று ஒரு வரி இருந்தது. கலைப் பிரிவில் பத்மஸ்ரீ. பலரும் "யாருங்க இவர்?" என்றுதான் கேட்டார்கள். கோத்தகிரி பக்கம் 'கிட்னா' என்று சொன்னால் உடனே தெரியும்.

நீலகிரி என்றாலே நமக்கு ஊட்டி ஏரி, தொட்டபெட்டா, மழைக்காலம் வந்தால் டிவியில் அடிக்கடி அடிபடும் அவலாஞ்சி. 2019 ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் 91 செ.மீ. மழை கொட்டிய அதே அவலாஞ்சிதான். அந்தக் குளிர்ந்த மேட்டுப்பகுதி தோடர்களின் மந்துகள் இருக்கும் இடம். அவர்களுடைய பூ வேலைப்பாட்டுக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் ஆலு குறும்பர்கள் வாழ்வது மலையின் உச்சியில் இல்லை, காடு அடர்ந்த சரிவுகளில். டூரிஸ்ட் வண்டி அங்கே நிற்பதில்லை. கிருஷ்ணனின் ஊரான வெள்ளரிக்கொம்பை அப்படியொரு சரிவு கிராமம்தான்.

பாறையில் இருந்து தொடங்கிய கதை

வெள்ளரிக்கொம்பையை ஒட்டிய காட்டுக்குள் 'எழுத்துப் பாறை' என்று ஓர் இடம் இருக்கிறது. பாறை முகப்பில் மனிதர்கள், விலங்குகள், புரியாத குறிகள். சுமார் 3,000 ஆண்டுகள் பழமையானவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவை தங்கள் முன்னோர் வரைந்தவை என்பது குறும்பர்களின் நம்பிக்கை. கிருஷ்ணனுக்கு இந்தக் கலை அவருடைய தாத்தா வழியாக வந்தது. ஓவியப் பள்ளி, டிப்ளமோ எதுவும் கிடையாது.

முன்பெல்லாம் கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும்தான் இந்த ஓவியம் இருந்தது. ஊர்ப் பூசாரி குடும்பத்து ஆண்கள் வரைவது வழக்கம். வாசல், ஜன்னல் ஓரத்து அலங்காரமும் கோலமும் பெண்களின் கை. மண்சுவர் போய் சிமென்ட் சுவர் வந்ததும் வரைய இடமில்லாமல் போனது. இது எல்லா ஊரிலும் நடந்த கதைதான். கிருஷ்ணனும் இன்னும் சிலரும் அதைக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்தார்கள். சென்னையைச் சேர்ந்த சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் போன்ற அமைப்புகள் இதற்குக் கைகொடுத்தன.

அப்படி என்ன வரைந்தார்?

கோடு கோடாக, குச்சி குச்சியாக மனிதர்கள். பார்க்க எளிமை, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். செங்குத்துப் பாறையில் கொடி ஏணி கட்டித் தேன் எடுப்பார்கள். அறுவடைத் திருவிழா நடக்கும், சாமி கும்பிடுவார்கள். 'சும்மா அழகுக்கு' என்று ஒரு மரம்கூட நிற்காது.

வண்ணம் கடையில் வாங்கியது இல்லை. வேங்கை மரத்துப் பிசினில் இருந்து பழுப்பு, கருமரத்துப் பட்டையில் இருந்து கறுப்பு, காட்டவரை இலையில் இருந்து பச்சை, களிமண்ணில் மஞ்சள், போதிமண்ணில் வெள்ளை. அவ்வளவுதான் அவருடைய வண்ணப்பெட்டி. சிவப்பும் நீலமும் இந்த ஓவியங்களில் அபூர்வம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிசின் வேண்டுமென்றால் காட்டுக்குள் போக வேண்டும். எந்த மரம், எந்தப் பருவம் என்று தெரிய வேண்டும். ஆக, காட்டை அறிந்த ஆள் இல்லாமல் இந்த ஓவியம் கிடையாது. அக்ரிலிக் பெயின்ட் வாங்கி இதே உருவங்களைப் போடலாம்தான். அதைக் குறும்பர் ஓவியம் என்பதா, குறும்பர் பாணி டிசைன் என்பதா?

'அவுட்சைடர் ஆர்ட்' என்றால் என்ன?

கலைக் கல்லூரி, கேலரி, ஏல வீடு என்ற வட்டத்துக்கு வெளியே உருவாகும் கலையை மேற்கில் 'அவுட்சைடர் ஆர்ட்' என்கிறார்கள். ரோஜர் கார்டினல் 1972-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பு அது. அதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் மெக்சிகோவின் மார்ட்டின் ராமிரெஸ். 1925-ல் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர், கலிஃபோர்னியாவின் மனநல மருத்துவமனைகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். அங்கேயே கிடைத்த காகிதத் துண்டுகளை ஒட்டி, குதிரை வீரர்களையும் ரயில்களையும் சுரங்கப் பாதைகளையும் வரைந்தார். 1963-ல் இறந்தார். 2015-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் ஓவியங்களை ஸ்டாம்ப்பாக வெளியிட்டது.

கிருஷ்ணனை இந்தப் பெட்டிக்குள் அப்படியே அடைக்க முடியாது. ராமிரெஸ் தனி ஆள். கிருஷ்ணனுக்குப் பின்னால் ஓர் ஊரும் ஒரு பாறையும் இருந்தன. இருவருக்கும் பொதுவானது, அங்கீகாரம் தாமதமாக வந்ததுதான்.

இனி யார் வரைவார்கள்?

மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியத்தைப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் பாட்டன்கர் கிராமத்தில் சுவரில் வரைந்துகொண்டிருந்த ஜங்கர் சிங் ஷியாமை, போபால் பாரத் பவனுக்கு அழைத்து வந்தார் ஜெ.சுவாமிநாதன். அவர் சிம்லாவில் பிறந்த தமிழர்! ஜங்கர் 2001-ல் ஜப்பானில் இறந்தார். அதற்குள் அவர் வீட்டிலேயே தங்கிக் கற்ற உறவினர்கள் ஒரு பெரிய கூட்டமாக வளர்ந்துவிட்டார்கள். வார்லி ஓவியத்துக்கு ஜிவ்யா சோமா மாஷே. அவருக்கு 2011-ல், உயிரோடு இருக்கும்போதே பத்மஸ்ரீ கிடைத்தது.

நீலகிரியில் அப்படியொரு பாரத் பவன் இல்லை. கிருஷ்ணன் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், கண்காட்சிகளுக்குப் போனார், வாழ்த்து அட்டையும் வரைந்து விற்றார். தமிழ்நாட்டின் ஆறு 'அழியும் நிலையிலுள்ள' பழங்குடிகளில் ஒன்று குறும்பர். அங்கே இளைஞர்களுக்குக் கூலி வேலையும் எஸ்டேட்டும் நிச்சய வருமானம், ஓவியம் விற்றால்தான் காசு. விருது தொடர்ந்து வாங்குபவர்களைக் கொண்டுவருமா என்பதுதான் இப்போது கேள்வி.

ஊட்டி, கோத்தகிரி பக்கம் போகிறவர்கள் 'ட்ரைபல் ஆர்ட்' என்று எழுதிய கடைகளைப் பார்ப்பீர்கள். பளிச்சென்று சிவப்பும் நீலமும் அடித்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். வரைந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.