டேப்பும் பாட்டிலும்

ரொம்ப நாளா டிராஃப்டிலேயே கிடந்த பதிவு இது. எழுதுறதும் அழிக்கிறதுமா இருந்துட்டு, "ஜாஸும் சைக்கிளும் யாருக்குய்யா வேணும்"னு மூடி வெச்சுட்டேன். போன வாரம் ஆபீஸ்ல ரிலீஸ். ராத்திரி மூணு மணிக்கு பில்டு ஓடி முடியறதுக்காக காத்திருந்தப்ப காதுல எல்லிங்டன் ஓடிக்கிட்டிருந்தார். சரி, இன்னிக்கு எழுதியே ஆகணும்னு திறந்தேன். நீளமான பதிவு மக்கா, காபி எடுத்துட்டு வந்துடுங்க.

முதலில் டேப்.

1956 ஜூலை 7. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் ஊரில் ஜாஸ் திருவிழா. டியூக் எல்லிங்டனுக்கு அப்போது மார்க்கெட் இல்லை. பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் காலம் முடிந்து, சின்னச் சின்ன குழுக்களின் காலம் வந்துவிட்டது. ராத்திரி நேரமாகி, கூட்டத்தில் பாதி பேர் வீட்டுக்குக் கிளம்பலாமா என்று யோசிக்கும்போதுதான் அவருக்கு மேடை கிடைத்தது. 1937-ல் எழுதிய ஒரு பழைய ப்ளூஸ் ஜோடியை எடுத்தார்: 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ'. ரெண்டு பகுதிக்கும் நடுவில் பால் கொன்சால்வெஸ் என்ற டெனர் சாக்ஸபோன்காரர் தனியாக வாசிக்க வேண்டும். மனுஷன் ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. 27 சுற்று! முன்வரிசையில் கறுப்பு உடை போட்ட ஒரு பெண்மணி எழுந்து ஆட ஆரம்பித்தார், அப்புறம் கூட்டமே எழுந்து நின்றது. கலவரம் ஆகிடுமோ என்று திருவிழா நடத்தியவர்கள் பயந்துபோனார்கள். அடுத்த மாசம் டைம் பத்திரிகை அட்டையில் எல்லிங்டன் படம். அந்த ராத்திரியை அவர் தன்னுடைய மறுபிறப்பாகவே கடைசி வரை சொல்லி வந்தார்.

கொலம்பியா கம்பெனி உடனே 'எல்லிங்டன் அட் நியூபோர்ட்' என்று எல்.பி. போட்டது. எல்லிங்டனின் வாழ்க்கையிலேயே அதிகம் விற்ற ரெக்கார்டு அதுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கொன்சால்வெஸ் அந்த 27 சுற்றையும் வாசித்தது தப்பான மைக்கில். மேடையில் கொலம்பியாவின் மைக் ஒண்ணு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோவின் மைக் ஒண்ணு. அவர் போய் நின்றது ரேடியோ மைக் முன்னால். அதனால் சரித்திரப் புகழ் பெற்ற அந்த வாசிப்பு கொலம்பியா டேப்பில் பக்கத்து வீட்டில் யாரோ வாசிக்கிற மாதிரிதான் விழுந்திருக்கிறது. அது விபத்து, மன்னிக்கலாம். ஆனால் அதே கச்சேரியில் திருவிழாவுக்கென்றே எல்லிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து எழுதிய புது சூட் ஒன்று இருந்தது. ஒத்திகை போதவில்லை, அங்கங்கே தடுமாற்றம். அதனால் ஜூலை 9-ஆம் தேதி நியூயார்க் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அதைத் திரும்ப வாசித்து, மேலே கூட்டத்தின் கைதட்டலை ஒட்டிவிட்டார்கள். ரெக்கார்டு அட்டையில் மட்டும் நியூபோர்ட்.

நாற்பது வருஷம் ஜனங்கள் ஸ்டூடியோவில் வாசித்ததைக் கேட்டு "ஆஹா, அந்த ராத்திரி!" என்று உருகியிருக்கிறார்கள். 1996-ல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் டேப் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருப்பது தெரியவந்தது. ஃபில் ஷாப் என்ற ஜாஸ் பைத்தியம் (பாராட்டாகத்தான் சொல்றேன்) ரேடியோ டேப்பையும் கொலம்பியா டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை இடது காதுக்கும் இன்னொன்றை வலது காதுக்கும் கொடுத்து, 1999-ல் முழுக் கச்சேரியையும் ஸ்டீரியோவில் வெளியிட்டார். ரெண்டு மெஷின்ல பதிவான டேப் ரெண்டு ஒரே வேகத்துல ஓடாது. ரெண்டு சர்வர் லாகை டைம்ஸ்டாம்ப் பார்த்துப் பொருத்திப் பார்த்தவங்களுக்கு இது என்ன வேலைன்னு புரியும். அதுல கொன்சால்வெஸ் நம்ம மூஞ்சிக்கு நேரா நின்னு வாசிக்கிறார்.

இதே மாதிரி இன்னொரு கதை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச் 2-ஆம் தேதி செஷனில் மெயின் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். முதல் பக்கத்தின் மூன்று பாட்டுமே அப்படித்தான் வெளிவந்தன. கூடவே வாசிக்க முயன்றவர்கள் எல்லாம் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், பாவம். பாதுகாப்புக்காக ஓடிய இரண்டாவது மெஷினின் டேப்பை வைத்து 1992-ல்தான் சரிசெய்தார்கள். உலகத்திலேயே அதிகம் பேர் கேட்ட ஜாஸ் ரெக்கார்டு 33 வருஷம் தப்பான சுருதியில் ஓடியிருக்கிறது! பேக்கப் எடுங்கப்பான்னு நாங்க தலைபாடா அடிச்சுக்கிறது இதுக்குத்தான் :-)

இனி பாட்டில்.

1998 ஜூலையில் டூர் டி பிரான்ஸ் ஆரம்பிக்க மூணு நாள் இருக்கும்போது, பெல்ஜியம்-பிரான்ஸ் எல்லையில் ஃபெஸ்டினா அணியின் காரை மடக்கினார்கள். கார் நிறைய ஊக்கமருந்து. அணியே வெளியேற்றப்பட்டது. போலீஸ் சோதனை, வீரர்கள் ரோட்டில் உட்கார்ந்து போராட்டம் என்று அந்த வருஷ டூர் நாறிப்போனது. அதனால் 1999 டூரை 'புதுப்பிப்பின் டூர்' என்று விளம்பரப்படுத்தினார்கள். மருந்து இல்லாததால் வேகம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டிய முதல் டூர் அதுதான். ஜெயித்தவர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். 1996 அக்டோபரில் விரைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி, பிழைத்து வந்தவர்.

அந்த டூரில் எனக்குப் பிடித்தவர் கிறிஸ்டோஃப் பாஸோன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். மருந்து தொடாதவர் என்று மற்ற வீரர்களே சொன்ன ஆள். போட்டி நடக்கும்போதே பத்திரிகையில் பத்தி எழுதினார், இந்த வேகம் சந்தேகமாக இருக்கிறது என்கிற தொனியில். ஆல்ப் டுவெஸ் மலைக்குப் போகிற நாளில் ஆர்ம்ஸ்ட்ராங் சைக்கிளை அவர் பக்கத்தில் கொண்டுவந்து, நீ இந்தத் தொழிலை விட்டே போ என்கிற அளவுக்குப் பேசினார். கூட ஓட்டிய ஒருத்தரும் பாஸோன்ஸுக்கு ஆதரவாக வாய் திறக்கவில்லை. ஓரிரு நாளில் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். லாகைச் சரியா எழுதின ஒரே ஆளை டீமை விட்டே தூக்கின கதை.

அப்போது ஓடிய மருந்து ஈ.பி.ஓ. சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன்தான் அது, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும். செயற்கை ஈ.பி.ஓ. அமெரிக்காவில் 1989-ல் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக அனுமதிக்கப்பட்டது. சிவப்பணு கூடினால் ஆக்சிஜன் கூடும், மலை ஏறும்போது மூச்சு வாங்காது. 1999-ல் இதைக் கண்டுபிடிக்கச் சோதனை கிடையாது. ரத்தத்தில் சிவப்பணுவின் அளவு 50 சதவீதத்தைத் தாண்டினால் சில நாள் ஓட்டக்கூடாது, அவ்வளவுதான் விதி. 49.9 இருந்தால் ஜம்முன்னு ஓட்டலாம்! சிறுநீரில் பார்க்கிற சோதனையை பாரிஸ் பக்கத்தில் ஷாத்தனே-மலாப்ரி என்ற இடத்தில் அப்போதிருந்த ஆய்வகம் உருவாக்கி, 2000-ல்தான் வெளியிட்டது.

ஆனால் அதே ஆய்வகம் 1999 டூரின் மிச்ச பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்திருந்தது. 2004 கடைசியில், யாரையும் பிடிக்க அல்ல, சோதனை முறையை மேம்படுத்துவதற்காக அவற்றை எடுத்துப் பார்த்தார்கள். பாட்டிலில் பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். லேக்கிப் பத்திரிகையின் நிருபர் ஒருவர் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சோதனைப் படிவங்களைத் தனியாகக் கைப்பற்றி, நம்பரையும் நம்பரையும் பொருத்தினார். ஒரு டேபிள்ல பேர், இன்னொரு டேபிள்ல ரிசல்ட், நடுவுல ஒரு ஜாயின். 2005 ஆகஸ்ட் 23 அன்று முதல் பக்கத்தில் வெளியானது: ஆறு பாட்டிலில் ஈ.பி.ஓ.

ஒண்ணும் ஆகலை. முதல் பாட்டில்கள் 1999-லேயே தீர்ந்துவிட்டதால், உறுதிப்படுத்த இரண்டாவது மாதிரி கிடையாது, எனவே தண்டிக்க முடியாது. 2006-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் நியமித்த வழக்கறிஞர் ஆய்வகத்தைத்தான் திட்டி அறிக்கை கொடுத்தார். 2012 அக்டோபர் 10-ல் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு, அவரோடு ஓட்டிய 11 வீரர்களின் வாக்குமூலத்தோடு எல்லாவற்றையும் வெளியிடும்வரை இப்படியே ஓடியது. 1999 டூரில் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து ஈ.பி.ஓ. சப்ளை செய்ய ஓர் ஆள் இருந்தான், 'மோட்டோமேன்' என்று அவனுக்குப் பட்டப்பெயர் வேறு. ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின. அந்த ஏழு வருஷத்துக்கும் ஜெயித்தவர் யாரும் இல்லை என்றே வைத்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்களின் லட்சணமும் ஊரறிந்தது.

இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் டிராஃப்டை மூடினேன்.

2012-ல் நான் பத்தாவது. எங்க சித்தப்பாவுக்குக் குடல்ல கேன்சர். கீமோ போட்டா ரெண்டு நாள் கண்ணைத் திறக்க முடியாது, ஆனா எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கணும் அவருக்கு. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஆர்ம்ஸ்ட்ராங்கோட 'இட்ஸ் நாட் அபவுட் த பைக்' புத்தகத்தைக் கொடுத்திருந்தார். ஸ்கூல் விட்டு வந்து நான் ஒரு பத்தி இங்கிலீஷ்ல படிச்சு, எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொல்லுவேன். என் இங்கிலீஷ் கொஞ்சமாவது தேறினது அப்படித்தான். ஆஸ்பத்திரி பக்கங்கள் வரும்போது சித்தப்பா கண்ணை மூடிக்கிட்டே "கரெக்டு, கரெக்டு"ம்பார். வாயில புண் வர்றது, சாப்பாடு இரும்பு மாதிரி இருக்கிறது, எல்லாம் கரெக்டு.

ரத்தம் குறைஞ்சப்ப டாக்டர் அவருக்கு ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். ஃப்ரிட்ஜ்ல முட்டை வைக்கிற தட்டுல சித்தி பத்திரமா வெச்சிருந்தாங்க. அதுவும் ஈ.பி.ஓ.தான். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் கீமோ சமயத்துல டாக்டர்கள் கொடுத்தது அதே மருந்து, புத்தகத்துலயே இருக்கு. "பாத்தியா, அவனுக்குப் போட்ட ஊசிடா"ன்னு சித்தப்பாவுக்கு ஒரே பெருமை.

1999 டூர் அத்தியாயத்துக்கு ரெண்டு மூணு நாள் இருக்கும்போது பேப்பர்ல அந்தச் செய்தி வந்துச்சு. நான் விளையாட்டுப் பக்கத்தை உருவி என் ஸ்கூல் பைக்குள்ள வெச்சுட்டேன். அரைப் பரீட்சை, படிக்கணும்னு சாக்கு சொல்லி புத்தகத்தைத் தொடலை. எங்க வீட்டுல யாருமே அவர்கிட்ட சொல்லலை. ஜனவரியில ஓப்ரா வின்ஃப்ரே பேட்டி, டி.வி.யைத் திறந்தா அதுதான். அவரே பார்த்துட்டார்.

நான் ஸ்கூல்லருந்து வந்தேன். டி.வி.யை அணைச்சுட்டுக் கேட்டார்:

"அவனுக்கு கேன்சர் வந்தது நெஜந்தானே?"

"நெஜம் சித்தப்பா."

"மூளை வரைக்கும் போனது?"

"அதுவும் நெஜம்."

கொஞ்ச நேரம் பேசலை. "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"னு கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறினது ஆர்ம்ஸ்ட்ராங்குக்காக இல்லைன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுது. மூணு மாசம் அவர்கிட்ட மறைச்சது நாங்க.

அதே மாசம் கலிஃபோர்னியாவில் சிலர் இந்தப் புத்தகத்தை உண்மைக் கதை என்று விற்று ஏமாற்றினார்கள் என்று வழக்கு போட்டார்கள். பேச்சுரிமை என்று சொல்லி கோர்ட் தள்ளுபடி செய்தது. அந்தச் செய்தியை நான் காலேஜ் போன பிறகுதான் படிச்சேன். சித்தப்பாவையும் அந்த வாதிகள்ல ஒருத்தரா சேர்க்கலாமான்னு யோசிச்சேன். அவர் சேர்ந்திருக்க மாட்டார்.

ஜாஸில் மருந்தே இல்லையா என்று யாராவது கேட்பீங்க. ஐயோ, கொட்டிக் கிடக்கிறது. சார்லி பார்க்கர் 1946 ஜூலை 29-ல் ஹாலிவுட்டில் 'லவர் மேன்' பதிவு செய்தபோது நிற்கக்கூட முடியாத நிலையில் இருந்தார். ஹெராயின் கிடைக்காமல் மதுவில் மிதந்த நாள். அது கடைசியில் மனநல மருத்துவமனை வரை போய்விட்டது. அந்த ரெக்கார்டை வெளியிட்டது அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் பட்டியலிலிருந்து அதை நீக்கு என்று எந்தச் சங்கமும் வரவில்லை. அங்கே அவர் யாரையும் முந்தவில்லை, பாஸோன்ஸ் மாதிரி யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நியூபோர்ட் ரெக்கார்டில் ஒட்டிய கைதட்டல்கூட யார் சோற்றிலும் மண் போடவில்லை. ஆனா கேட்டவன்கிட்ட சொல்லியிருக்கணும். அந்த ஒரு குறை எனக்கு இன்னும் இருக்கு. எல்லிங்டன் மேல எவ்வளவு பிரியம் இருந்தாலும்.

பேட்டி வந்து ஒரு வாரம் கழிச்சு சித்தப்பா புத்தகத்தை அவரே எடுத்து வந்து என் கையில கொடுத்தார். "டூர் பாக்கி இருக்குல்ல. படி."

"அது பொய்னு தெரிஞ்சுபோச்சே சித்தப்பா."

"தெரிஞ்சுதான்டா கேக்கிறேன். படி."

படிச்சேன். மலை ஏறுற இடத்துல சித்தப்பா "கரெக்டு" சொல்லலை. பாரிஸ்ல ஜெயிச்சு மேடையில நிக்கிற இடத்துலயும் சொல்லலை. முடிச்சதும், முன்னாடி ஆஸ்பத்திரியில முதல் கீமோ வர்ற அத்தியாயத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதுல பழைய மாதிரியே, வரிக்கு வரி.

2016 வரைக்கும் இருந்தார். புத்தகம் என்கிட்டதான் இருக்கு.

டிஸ்கி: நியூபோர்ட் கச்சேரி கேட்கிறவங்க 1999-ல வந்த ரெண்டு சி.டி. பதிப்பைத் தேடிப் பிடிங்க, அட்டையில 'கம்ப்ளீட்'னு இருக்கும். ஜூலை 9 ஸ்டூடியோ பதிவையும் அதுலயே தனியா, ஸ்டூடியோன்னு சொல்லியே போட்டிருக்காங்க. ஹெட்போன்ல கேளுங்க.