சுத்தமான கைகள்: 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை அறிக்கையை முன்வைத்து

1

வருவாய்த்துறையில் முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 'அவரு ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டாரு' என்று ஆபீசில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமையை ஆட்டிவைத்தது ஒரு கதவு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாட்டுக் கடன் பாக்கிக்காக ஒரு காலனிக்கு ஜப்திக்குப் போனோம். மாடு செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மா வீட்டில் எடுத்துப்போக ஒரு அலுமினிய அண்டாவைத் தவிர ஒன்றுமில்லை. கூட வந்தவர்கள் கதவைக் கழற்றினார்கள். 'மரக்கதவு ஒன்று' என்று பட்டியலில் எழுதியவன் நான். "சாமி, ராத்திரிக்கு நாய் வந்துருமே" என்றார் அந்த அம்மா. "எங்க கையில என்னம்மா இருக்கு, மேல சொல்லிப் பாருங்க" என்றேன். அன்றைக்கும் நான் யாரிடமும் டீ குடிக்கவில்லை. கதவை எடுக்கச் சட்டத்தில் இடமுண்டா என்று புரட்டிப் பார்க்கவும் இல்லை.

அலுவலக நேர்மை என்பதன் வரலாற்றை அந்தக் கதவிலிருந்துதான் நான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

2

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியின் முயற்சியால் சென்னைவாசிகள் சங்கம் தொடங்கப்பட்டது. கம்பெனி ஆட்சியின் வரிக்கொடுமை பற்றிச் சங்கம் எழுப்பிய முறையீடுகள் லண்டன்வரை போயின. டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சென்னை மாகாணத்துக்கு வந்து நேரில் பார்த்துவிட்டுப் போனார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் வந்தது. விளைவு, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட விசாரணைக் குழு. குழுவுக்கு வந்த புகார்கள் 1,959. அறிக்கை 1855 ஏப்ரலில் தரப்பட்டது.

தீர்வை கட்டாத குடியானவனுக்கு என்ன நடந்தது என்பதை அறிக்கை பட்டியலிடுகிறது. வெயிலில் நிறுத்துவது, சாப்பிடப் போகவிடாமல் வைப்பது, வளைந்த முதுகில் கல் ஏற்றுவது, விரல்களைக் கட்டைகளுக்கிடையே நெருக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து உடலை வளைத்துவைக்கும் அண்ணாந்தாள். இந்தச் சொற்கள் இரண்டும் நம் திண்ணைப் பள்ளிக்கூடத் தண்டனைகளின் பெயர்களும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஃபூக்கோவை வாசித்த நண்பர்கள் இதை உடலின் மீது எழுதப்படும் அதிகாரம் என்பார்கள். சரிதான். ஆனால் என் கவனம் கயிற்றைப் பிடித்திருந்த ஊழியன் பக்கம் போகிறது. அவன் என் துறைக்காரன். 1816 முதல் தாசில்தாரிடம் வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒன்றாகவே இருந்தன. ஆக, வசூலிப்பவனும் அவனே, அடிப்பவனும் அவனே, புகாரை முதலில் கேட்க வேண்டியவனும் அவனே.

சித்திரவதை நடந்தது என்று குழு ஒப்புக்கொண்டது. அது பெரிய விஷயம். அடுத்த அடியிலேயே பழியைப் பிரித்துவைத்தது. கொடுமை செய்தவர்கள் சுதேசி ஊழியர்கள். மக்கள் காப்பாற்றக் கேட்பதும் அவர்களிடமிருந்துதான். ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடந்தை அல்ல என்றது. 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன் இதழில் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்துப் பேசியபோது கைவைத்தது இந்த இடத்தில்தான். அறிக்கை தரும் சாட்சியங்களே வெள்ளை அதிகாரிகளின் பொறுப்பைக் காட்டுகின்றன என்றார் அவர்.

ஒரு ஆபீஸ்காரனாக நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். கலெக்டர் கயிற்றைத் தொடுவதில்லை. அவர் பார்ப்பது வசூல் பட்டியலை மட்டும். 'கிஸ்தி ஏன் பாக்கி?' என்று தாசில்தாரிடம் கேட்கிறார். தாசில்தார் மணியக்காரரிடம் கேட்கிறார். கேள்வி படி இறங்கி இறங்கி, கடைசிப் படியில் சேவகன் கையில் கிட்டியாக மாறுகிறது. பணமோ படி ஏறி ஏறி மேலே போய்ச் சேரும்போது சுத்தமான எண்ணாகிவிடுகிறது. அழுக்கு வேலையைக் கீழே தள்ளிவிட்டு, அந்த அழுக்கைக் காட்டியே கீழே இருப்பவனை இழிந்தவன் என்பது நமக்குப் புதிய தர்க்கமா? சாதி நமக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதானே!

3

மேலே இருந்தவர்களின் சுத்தம் பிறவியிலேயே வந்ததும் அல்ல. 1757இல் பிளாசிப் போருக்குப் பின் கிளைவ் பெற்ற அன்பளிப்புகள் ஊரறிந்தவை. ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த கம்பெனி ஊழியர்கள் சென்னையில் நிறையப் பேர். அந்தக் கடன்களும் தஞ்சாவூர் வருமானமும் கிளப்பிய தகராறில் 1776இல் கவர்னர் பிகட்டையே அவருடைய சபையினர் கைதுசெய்தார்கள். மறுவருஷம் அவர் காவலிலேயே இறந்தார்.

பிறகு வந்த காரன்வாலிஸ் கண்ட மருந்து சம்பளம். வங்காளத்தில் கலெக்டருக்கு மாதம் 1500 ரூபாய், அதற்கு மேல் வசூலில் கமிஷன். மேல் பதவிகளிலிருந்து இந்தியர்கள் விலக்கப்பட்டார்கள். மேலே நேர்மை சம்பளத்தால் வாங்கப்பட்டது. கீழே அற்பச் சம்பளம் அப்படியே இருந்தது. மீதியை மாமூல் பார்த்துக்கொண்டது.

மாமூல் என்ற அரபுச் சொல்லுக்கு வழக்கமானது என்று பொருள். இன்றும் 'மாமூல் வாழ்க்கை' என்கிறோம். அதே சொல்தான் போலீஸ்காரர் கடைக்கடையாக வாங்கும் காசுக்கும். வழக்கமும் லஞ்சமும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது வெறும் மொழி விபத்து எனத் தோன்றவில்லை.

4

அறிக்கையால் பயனே இல்லை என்று சொல்லவரவில்லை. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் போலீஸ் தனித்துறையானது. கிட்டி ஒழிந்தது. ஆனால் 1864இல் சென்னை வருவாய் வசூல் சட்டம் வந்தது. கயிற்றின் இடத்தில் நோட்டீசும் ஜப்திப் பட்டியலும். நான் கையில் எடுத்துக்கொண்டு போனது அந்தச் சட்டத்தைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1962இல் கே. சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு அமைந்தது. காரியம் வேகமாக நடக்க மக்கள் காசு கொடுக்க வேண்டியிருப்பதை அது எடுத்துச் சொன்னது. 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. அதே வருஷத்து மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் முழு நேர்மையையும் கடமைப் பற்றையும் கோருகின்றன. அரசை விமர்சிக்கக் கூடாது, தகவலை வெளியே தரக் கூடாது என்றும் கட்டுப்படுத்துகின்றன. மாநில விதிகளின் போக்கும் இதுதான். சேர்த்து வாசித்தால் ஒரு பிரதி துலங்குகிறது: நேர்மை என்பது எஜமானுக்குக் கணக்கு ஒப்பிப்பது. அதில் வீட்டுக்காரம்மாவுக்கு இடமில்லை. அந்த விதிகளின்படி நான் அப்பழுக்கற்றவன்.

லஞ்சம் சின்ன விஷயம் என்று யாரும் இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். சான்றிதழுக்கு நூறு ரூபாய் பிடுங்குகிறவன் ஏழையின் அரிசியைப் பிடுங்குகிறான்; அவனோடு எனக்குச் சமரசமில்லை. ஆனால் வாங்காத கை என்பதோடு அறம் முடிந்துவிடுகிறது என்ற நினைப்பு, அந்தக் கை எழுதுவதைப் பார்க்காமல் மறைத்துவிடுகிறது.

5

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஒரு மக்கள் விசாரணை நடத்தியது. அரசு வேலைகளின் கூலிப் பதிவேட்டில் இருந்ததை ஊர் நடுவே வாசித்தார்கள். பெயர் இருந்தவர்கள் எழுந்து, வேலை செய்ததும் கூலி வாங்கியதும் உண்மையா இல்லையா என்று சொன்னார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியில்தான் 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 1855இல் குடியானவர்களின் வாக்குமூலம் மேலிடத்துக்குப் போய் அங்கே தீர்ப்பானது. இங்கே மேலிடத்தின் ஏடு குடியானவர்களிடம் வந்து தீர்ப்புக்கு நின்றது. ஊழியனின் அறத்தை அளக்க இதைவிட நல்ல இடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்த ஜப்திப் பட்டியலை நான் ஊர் நடுவே வாசிக்க நேர்ந்திருந்தால்? 'மரக்கதவு ஒன்று' என்ற வரியில் குரல் நின்றிருக்கும். சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருப்பேன். குறைந்தபட்சம் 'கடன் வாங்கிய மாடு இறந்துவிட்டது' என்று ஒரு குறிப்பாவது எழுதியிருப்பேன். அதை எழுத எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, எழுதவில்லை. என் நேர்மையின் வரலாறு அவ்வளவுதான்.