கடலை எண்ணெய் ஊத்தினா டீசல் கார் ஓடுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஆலங்குடி பக்கத்துல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. வீட்ல பழைய டீசல் கார் ஒண்ணு நிக்குது. ஹோட்டல்ல பொரிச்சு மிச்சமாகிற எண்ணெயை வாங்கி, வடிகட்டி, டீசலோட பாதிக்குப் பாதி கலந்து ஓட்டலாம்னு அப்பா சொல்றாராம். யூடியூப்ல யாரோ ஓட்டியும் காட்டியிருக்காங்க. “டீசல் எஞ்சினே கடலை எண்ணெய்க்காகக் கண்டுபிடிச்சதுதானேன்னு அப்பா கேக்கிறார். இது சேஃபா அண்ணா?” இதுதான் கேள்வி.

முதல்ல அப்பா சொன்ன வரலாற்றை எடுத்துக்கலாம். அது பாதி சரி.

1900-ல் பாரீஸ்ல ஒரு உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஓட்டோ கம்பெனி ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. ஐடியா ருடால்ஃப் டீசலுடையது இல்லை, பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கிட்டதால நடந்தது. ஆப்பிரிக்கக் காலனிகள்ல கடலை நிறைய விளையுது, அங்கேயே எரிபொருள் கிடைச்சா நிலக்கரி அனுப்ப வேண்டியதில்லைன்னு அவங்க கணக்கு. 1912-ல் டீசலே இதைப் பத்திச் சொல்லும்போது, அந்த எஞ்சின் தாது எண்ணெய்க்காகச் செய்தது, எந்த மாற்றமும் இல்லாம கடலை எண்ணெயிலும் ஓடிச்சுன்னுதான் சொல்றார். ஆக, கடலைக்காகப் பிறந்த எஞ்சின்ங்கிறது கதை. ஆலங்குடி, கறம்பக்குடின்னு கடலைக்குப் பேர்போன மண்ணுல இந்தக் கதை பரவுறதுல எனக்கு ஆச்சரியம் இல்லை. கேட்க நல்லாத்தானே இருக்கு.

ஆனா அது எப்படிப்பட்ட எஞ்சின்? ஒரே இடத்துல நின்னு, மெதுவாச் சுத்துற, கனமான இரும்பு. உங்க வீட்டு கார் எஞ்சின் வேற ஜாதி. வித்தியாசம் எண்ணெயோட பாகுத்தன்மையில இருந்து ஆரம்பிக்குது. 40 டிகிரி வெப்பத்துல நம்ம டீசலோட பாகுத்தன்மை 2-ல் இருந்து 4.5 வரைக்கும்தான் இருக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அதே அளவுகோல்ல கடலை எண்ணெய் கிட்டத்தட்ட 40. பத்து மடங்கு. இன்ஜெக்டர் அதைப் பனி மாதிரித் தூவ முடியாது, துளித் துளியாத்தான் விடும். பெரிய துளி முழுசா எரியாது. எரியாதது கரியா இன்ஜெக்டர் முனையில படியும், பிஸ்டன் ரிங்கை ஒட்ட வைக்கும். மிச்சம் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி எஞ்சின் ஆயிலோட கலந்து, கொஞ்ச நாள்ல அதைக் கூழாக்கும். முதல் 500 கிலோமீட்டர்ல எதுவும் தெரியாது. அந்த வீடியோக்கள் எல்லாம் அங்கேயே முடிஞ்சிடுதுங்கிறதுதான் பிரச்னை.

இதுக்குத் தீர்வு கண்டுபிடிச்சது பெல்ஜியத்துல சாவான்ங்கிற விஞ்ஞானி. 1937-ல் காப்புரிமை வாங்கினார். பாமாயிலை ஆல்கஹாலோட வினைபுரிய வெச்சு, கிளிசரினைப் பிரிச்சு எடுத்தா மெல்லிசான எரிபொருள் கிடைக்கும். 1938-ல் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவனுக்கும் நடுவுல ஒரு பஸ் அதுல ஓடிச்சு. நாம இன்னைக்கு பயோடீசல்னு சொல்றது இதே சமாச்சாரம்தான்.

அடுத்த வருஷம் உலகப் போர். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. மதுரையில டி.வி.சுந்தரம் ஐயங்கார் தன் பஸ்களுக்காக ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ தயாரிச்சார். புதுக்கோட்டையில இன்னைக்கும் ‘டி.வி.எஸ். கார்னர்’னு ஒரு பஸ் நிறுத்தம் இருக்கு, அந்தக் கம்பெனி பேர்தான். கரி பஸ்னா பின்னாடி ஒரு இரும்பு உருளை, அதுல அடுப்புக்கரி. பத்த வெச்சு, விசிறியைச் சுத்தி, வாயு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். சக்தி பாதியாக் குறைஞ்சிடும், மேடு வந்தா பயணிகள் இறங்கித் தள்ளணும். அந்த வாயுவுல கணிசமான பங்கு கார்பன் மோனாக்சைடு. வாசனையே இல்லாத விஷம். போர் முடிஞ்சு பெட்ரோல் திரும்பி வந்ததும் எல்லாரும் அந்த உருளையைக் கழற்றிப் போட்டாங்க. அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

நம்ம மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான கதை ஒண்ணு இருக்கு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில நின்னா எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணம். 1990-ல் இருந்து அங்கே பொருளாதாரத் தடை. பெட்ரோல், டீசல், பேட்டரி எதுவும் உள்ளே போகாது. அந்தக் காலத்துல அங்கே இருந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க: மோட்டார் சைக்கிளும், பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்களும் மண்ணெண்ணெயில ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சின்னக் குப்பியில ‘பெற்றோல்’ (அவங்க அப்படித்தான் எழுதுவாங்க). சில சொட்டு விட்டு உதைச்சு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திடுவாங்க. எல்லாத் தெருவுலயும் அந்தப் புகை.

அது ஏன் ஓடிச்சு? அந்தக் கார்கள் பழசு, எஞ்சின்ல அழுத்தம் குறைவு. அதனால மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கிச்சு. அப்படியும் மண்ணெண்ணெய் எஞ்சின் ஆயில்ல இறங்கி அதை நீர்த்துப் போக வெச்சது. ஆனா ஒரு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகணும்னா பிஸ்டன் ரிங்கைப் பத்தி யாரு யோசிப்பாங்க? அவங்களுக்கு வேற வழி இல்லை. நமக்கு பங்க் ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கு. அதை ‘சாதனை’ன்னு சொல்லி நம்ம காருக்கு உதாரணமாக் காட்டுறது எனக்குப் பிடிக்கலை.

இங்கே திரும்பி வருவோம். 1996-ல் மூலிகை பெட்ரோல்னு ராமர் பிள்ளை நாட்டையே பரபரப்பாக்கினார். 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிச்சது. அதைப் பத்தித் தனி எபிசோடே போடலாம். எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது காட்டாமணக்கு. 2003-ல் திட்டக்குழு அறிக்கை ஒண்ணு, ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல காட்டாமணக்கு நட்டா டீசல்ல 20 சதவீதம் கலக்கலாம்னு கணக்குப் போட்டது. தண்ணி வேண்டாம், ஆடு கடிக்காது, தரிசுல வளரும். வானம் பார்த்த பூமிக்கு இதைவிட என்ன வேணும்? தமிழ்நாட்டுல மானியமும் கொடுத்தாங்க. செடி சாகலை, அது உண்மை. ஆனா தண்ணி விடாத செடி காய்க்கலை. தண்ணி விட முடிஞ்ச நிலத்துல கடலையே போட்டிருக்கலாமே! நிறைய விவசாயிகள் பிடுங்கிப் போட்டாங்க. மிஞ்சின செடியோட விதையைத் தின்னுட்டுப் பள்ளிப் பிள்ளைங்க வாந்தியோட ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி பேப்பர்ல அடிக்கடி வரும்.

“சரி, சாவான் முறையில வீட்லயே பயோடீசல் காய்ச்சலாமே?” அடுத்த கேள்வி இதுதான் வரும்னு தெரியும். கணக்கு சுலபம்: 100 லிட்டர் எண்ணெய், 20 லிட்டர் மெத்தனால், கொஞ்சம் காஸ்டிக் சோடா. அந்த மெத்தனால்தான் 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல சாராயத்துல கலந்து 60-க்கும் மேற்பட்டவங்களைக் கொன்னது. குடிக்கணும்னு இல்லை, ஆவியும் விஷம், தோல் வழியாவும் உள்ளே போகும், தீப்பிடிச்சா சுடர் வெயில்ல கண்ணுக்கே தெரியாது. உரிமம் இல்லாம அதை வெச்சிருக்கிறதே குற்றம். மாட்டுக் கொட்டகையில செய்ற வேலை இல்லை இது, தயவுசெஞ்சு வேண்டாம்.

முறையாத் தயாரிச்ச பயோடீசல் பாதுகாப்பானதுதான். நம்ம டீசல் தரமே 7 சதவீதம் வரைக்கும் அதை அனுமதிக்குது. சிக்கல் சாலையோரத்துல ‘பயோடீசல்’ பேர்ல விக்கிற கலப்படத்துலயும், நம்ம வீட்டு டிரம்முலயும்தான். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 கார்னா பேச்சே இல்லை: காமன் ரெயில் எஞ்சின்ல அழுத்தம் 1,600 பார், அதுக்கும் மேல. இன்ஜெக்டர் துளைகள் தலைமுடி அகலம்தான் இருக்கும். பழைய அம்பாசடர் டீசல் மாதிரி வண்டி கொஞ்ச காலம் தாங்கும், அவ்வளவுதான். மண்ணெண்ணெயும் வேண்டாம். டீசல் பம்புக்கு மசகே அந்த டீசல்தான், மண்ணெண்ணெய்ல அது போதாது, பம்பு தேய்ஞ்சிடும்.

ஆலங்குடி நேயருக்கு: செக்கு எண்ணெயைக் கலக்குற யோசனையும் அப்பாவுக்கு இருந்தா, அது டீசலைவிட ரெண்டு மடங்குக்கு மேல விலைன்னு மட்டும் சொல்லுங்க. ஹோட்டல் எண்ணெய்க்கு வழி இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இருந்து பயன்படுத்தின எண்ணெயைச் சேகரிச்சு பயோடீசல் ஆலைக்கு அனுப்புற திட்டம் நடத்துது, பதிவு பெற்ற சேகரிப்பாளர்கிட்ட ஹோட்டல்காரரே காசுக்குக் கொடுக்கலாம். ஏற்கனவே டேங்க்ல ஊத்தியாச்சுன்னா, சாவியைத் திருப்பாதீங்க. மெக்கானிக்கைக் கூப்பிட்டு டேங்க்கைக் காலி பண்ணி, ஃபில்டரை மாத்துங்க. வண்டி ஓடியிருந்தா எஞ்சின் ஆயிலையும் சேர்த்து மாத்திடுங்க.