குரல் எங்கே நிற்கிறது? காஞ்சிபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஆடல் – பாடல் உறவு பற்றிய ஓர் ஆய்வு

பரிசோதனைக் குரலிசையும் சமகால நடனமும் சேர்ந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நியூயார்க்கில் தொடங்குவார்கள். மெர்ஸ் கன்னிங்ஹாமும் ஜான் கேஜும் நடனத்தையும் இசையையும் தனித்தனியே ஆக்கி, மேடையில் மட்டும் சந்திக்க விட்டார்கள். மெரிடித் மாங்க் சொல்லில்லாத குரலோடு தானே ஆடினார், பாடினார். அந்த வரலாற்றில் தவறேதும் இல்லை. ஆனால் உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் போன்ற ஓர் ஊரிலிருந்து அதே கேள்வியைக் கேட்டால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கட்டைக்கூத்துப் பார்த்துப் பழகிய வட்டாரம் இது. பாடுகிறவரும் ஆடுகிறவரும் ஒரே ஆள் என்பதில் இங்கே யாருக்கும் வியப்பில்லை. அவர்கள் எப்போது, எப்படி இரண்டு பேரானார்கள் என்பதுதான் விளக்கம் கேட்கிற விஷயம்.

அந்தப் பிரிவையும், பிறகு சென்னையிலும் காஞ்சியிலும் நடந்த மறுசேர்க்கை முயற்சிகளையும் இக்கட்டுரை பின்தொடர்கிறது. தமிழகத்தில் நடந்த பரிசோதனையின் சாரத்தைப் புதிய ஒலிகளில் தேடினால் கிடைக்காது என்பது என் கருத்து. ஆடும் உடலுக்கு எந்தப் பக்கம் குரல் நிற்பது, அந்த உடலை ஏவும் உரிமை அதற்கு உண்டா என்ற வழக்கில்தான் அது இருக்கிறது.

பின்னால் நின்ற மேளம்

பின்னால் பரதநாட்டியம் எனப்பட்ட சதிர்க் கச்சேரியின் வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அந்த வரிசையைக் குரலின் பக்கமிருந்து பார்த்தால் ஒன்று புலப்படும். அலாரிப்பில் வெறும் சொற்கட்டு. ஜதீஸ்வரத்தில் ஸ்வரம் மட்டும், சாகித்யம் கிடையாது. சப்தம், வர்ணம், பதம் என்று பொருள் மெல்லக் கனத்து, தில்லானாவில் மறுபடி பொருளற்ற சொற்கட்டுக்கே வந்து சேர்கிறது. பொருளை உதறிய குரலுக்கு ஆடுவது நவீனத்துவம் கொண்டுவந்த சரக்கு என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்க்கலாம்.

சதிரில் நட்டுவனார், பாட்டுக்காரர், மத்தளக்காரர், முகவீணைக்காரர் எல்லோரும் ஆடுகிறவருக்குப் பின்னால் நின்றார்கள். அவர் நகர்ந்தால் அவர்களும் நகர்ந்தார்கள். ஆடுகிறவரும் பாடினார். 1935 டிசம்பரில் அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் ருக்மிணி தேவி ஆடினார். மறு ஆண்டு அவருடைய கலைப் பள்ளியான கலாக்ஷேத்திரம் பிறந்தது. அந்தக் காலகட்டத்துச் சீர்திருத்தங்களில் ஒன்று பக்கவாத்தியக் குழுவை மேடையின் ஒரு பக்கமாக உட்கார வைத்தது. பார்வைக்கு அது அழகான மாற்றம்தான். ஆடும் உடல் பளிச்சென்று தனித்துத் தெரிந்தது. கூடவே ஆடுகிறவர் வாய்விட்டுப் பாடும் வழக்கமும் தேய்ந்தது. 1947-இல் வந்த சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் சதிர் ஆடிவந்த பரம்பரையின் சமூக அடித்தளத்தையே கலைத்தது. சட்டத்தின் நியாயம் வேறு விவாதம். இசையின் கணக்கில் பார்த்தால், பாடவும் ஆடவும் ஒருசேரப் பயின்ற பெண்களின் தொடர்ச்சி அத்தோடு அறுந்தது.

அறுந்ததை முடிந்தவரை இழுத்துப் பிடித்தவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. ஏழு வயதில், 1925-இல், காஞ்சிபுரத்துக் கோயிலில்தான் அவர் அரங்கேறினார். தாய் ஜெயம்மாள் பாட மகள் ஆடினார். பதங்களில் மகளும் சேர்ந்து பாடினார். 1973-இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் தந்தது. இசைக் கலைஞர்களுக்கென்றே வைத்திருந்த பட்டம் அது. ஒரு நடனக் கலைஞரின் உடலைக் குரலாகவே எண்ணியதற்கு அகாடமியின் ஏடுகளில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தென்படவில்லை.

சந்திரலேகா: சொல்லுக்கு அடிபணியாத உடல்

மகாராஷ்டிரத்தில் பிறந்து, நடனம் கற்கச் சென்னைக்கு வந்தவர் சந்திரலேகா (1928–2006). அவருடைய குரு காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை, பாலசரஸ்வதிக்கும் நட்டுவாங்கம் செய்தவர். 1952-இல் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்த அவருடைய அரங்கேற்றம் பற்றிய செய்தி பலரும் அறிந்தது. யமுனையில் நீர் அளையும் பெண்களை அபிநயித்துக்கொண்டிருந்த நடுவில், தண்ணீரே இல்லாத மக்களுக்காக அல்லவா ஆடுகிறோம் என்ற நினைப்பு அவரை உறைய வைத்தது. இதை மனசாட்சிக் கதையாகவே வழக்கமாகச் சொல்லிவருகிறார்கள். நான் இதை இசைச் சிக்கலாகவும் வாசிக்கிறேன். பாட்டு தண்ணீர் என்றால் கை தண்ணீர் காட்டியே தீர வேண்டும் என்ற விதி அன்று அவருக்குள் முறிந்தது.

அந்த முறிவு வடிவமாக மாற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1984-இல் மும்பையில் நடந்த கிழக்கு – மேற்கு நடனச் சந்திப்பு அவரை மேடைக்குத் திரும்ப அழைத்துவந்தது. 1985-இல் ‘அங்கிகா’ வந்தது: பரதநாட்டியத்தின் அடவோடு களரிப்பயற்றும் யோகமும், கடவுளும் இல்லை, நாயகனுக்கு ஏங்கும் நாயகியும் இல்லை. 1989-இன் ‘லீலாவதி’ வேறொரு திருப்பம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாஸ்கரர் எழுதிய கணிதச் செய்யுள்களைப் பாட வைத்து ஆடினார்கள். இங்கே குரலுக்குச் சொல் உண்டு, பொருளும் உண்டு. பக்தியும் விரகமும் இருந்த இடத்தில் கணக்கு உட்கார்ந்துகொண்டது. பழைய இலக்கணத்தை இவ்வளவு குறும்போடு சீண்டிய படைப்பு அவரிடமே குறைவு.

2001-இன் ‘சரீரா’ அவருடைய கடைசிப் படைப்பு. நம் பொருளுக்கு மையமும் அதுதான். டிஷானி தோஷியும் ஷாஜி ஜானும் ஆட, போபாலைச் சேர்ந்த குந்தேச்சா சகோதரர்கள் மேடையிலேயே துருபத் பாடினார்கள். துருபத் ஆலாபனையில் பாட்டுவரி வர வெகு நேரமாகும். ‘நோம்’, ‘தோம்’ போன்ற அசைகளை மட்டும் வைத்துக்கொண்டு பாடகர் மந்திர ஸ்தாயியில் ஆரம்பிப்பார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு ஏற நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்வார். தாளம் பிற்பாடுதான் சேரும். பரதநாட்டியக்காரருக்கு இது கைவிடப்பட்டது போன்ற நிலை: பிடித்துக்கொள்ளத் தாளமும் இல்லை, அபிநயிக்கச் சொல்லும் இல்லை. மிஞ்சுவது மூச்சு ஒன்றுதான்.

சந்திரலேகா அந்த மூச்சை வைத்தே நடனத்தைக் கட்டினார். தரையில் கிடந்து, அங்குலம் அங்குலமாகத் திறந்துகொள்ளும் உடல். பாடகரின் கார்வை நீளும்போது ஆடுபவரின் கால் காற்றில் நிற்க வேண்டும். நிற்பதற்கு வயிற்றில் மூச்சுக்கட்டு வேண்டும். துருபத் பாடகர் நாபியிலிருந்து குரலெடுக்கப் பயில்கிறார். களரிப்பயற்றுக்காரர் அதே இடத்தில் பலத்தை நிறுத்தப் பயில்கிறார். இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்டதுதான் ‘சரீரா’வின் சாதனை. குரல் உடலுக்குப் பொருள் சொல்லவில்லை, எண்ணிக்கையும் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே காலத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. இவ்வளவு உடைத்தவரின் மேடையிலும் பாடகர்கள் பாடினார்கள், ஆடுகிறவர்கள் ஆடினார்கள். 1930-களில் போட்ட வேலைப்பிரிவினை அப்படியேதான் இருந்தது.

சந்திரலேகாவின் குழுவில் பத்தாண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர் அடுத்த எல்லைக்குப் போனார்: பாட்டையே வெளியே அனுப்பினார். ‘பேப்பர்டால்’ (2005) முதலான படைப்புகளில் சென்னைவாழ் டச்சு இசைஞர் மார்ட்டன் விசரின் ஒலிக்கோலமே துணை. 2016-இல் கொச்சி – முசிறிஸ் பியென்னாலேயில் அவர் ‘வர்ணம்’ என்ற பெயரிலேயே ஒரு படைப்பை வைத்தார். சாகித்யமும் அடவும் மிக இறுக்கமாகப் பின்னிய உருப்படியைத் தேர்ந்தெடுத்து அதை அவிழ்த்துப் பார்த்த முயற்சி அது. குரலை அகற்றிய பிறகும் அதன் இடம் காலியாகவே தெரிகிறது என்பதை அவரைவிடக் கறாராகக் காட்டியவர் இங்கே இல்லை.

விடியற்காலை ஒப்பீடு

மேற்கில் இந்த வேலைப்பிரிவினையைத் தொடக்கத்திலேயே மறுத்தவர் மாங்க். 1968-இல் ‘தி ஹவுஸ்’ குழுவையும் 1978-இல் தன் குரலிசைக் குழுவையும் தொடங்கினார். நெடுங்காலத்துக்குப் பின், 2011-இல், பெல்ஜிய நடன ஆசிரியர் ஆன் தெரேசா த கீர்ஸ்மேக்கரும் பியோர்ன் ஷ்மெல்ட்சரின் ‘கிரேன்தலவ்வா’ பாடகர் குழுவும் பிரான்சின் அவிஞோன் அரண்மனை முற்றத்தில் ‘செசேனா’வை நிகழ்த்தினார்கள். பதினான்காம் நூற்றாண்டின் பல்குரல் இசை. இருட்டில் ஆரம்பித்து வெளிச்சம் வரும்போது முடியும். பாடகர்கள் ஆடினார்கள், ஆடுகிறவர்கள் பாடினார்கள். ஐரோப்பிய நடன உலகம் இதைக் கொண்டாடியதில் தவறில்லை. இருட்டில் தொடங்கி விடியலில் முடிவதும், பாடுகிற வாயும் ஆடுகிற காலும் ஒருவருக்கே இருப்பதும் நம் பக்கம் கூத்தில் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருக்கிற காரியம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எது பரிசோதனை, எது வழக்கம் என்பதைப் பார்க்கிறவரின் ஊர்தான் தீர்மானிக்கிறது.

கட்டை பூட்டிய குரல்

கட்டைக்கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்தே பாடத் தொடங்கிவிடுவார். முகம் தெரியும் முன்னே குரல் தெரிந்துவிடும். கிரீடம், புஜகட்டை, மார்புப் பதக்கம் என்று மரத்தில் செய்த அணிகள் உடம்பில் கனக்க, காலில் சலங்கை கட்டிச் சுழன்றாடிவிட்டு அடுத்த அடியை உச்சத்தில் எடுக்க வேண்டும். இது எப்படி முடிகிறது? பின்பாட்டுக்காரர்களால். அவர் பாடிய அடியை அவர்கள் வாங்கித் திருப்பிப் பாடும்போது இவர் ஆடுகிறார், மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார். ஒரு அடி இருவரிடையே கைமாறுவதே இந்தக் கலையின் உடற்கூறு. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை எல்லாம் ஆடுபவருக்குப் பின்னால் இருக்கின்றன. சதிர் மேளத்திலிருந்து மறைந்த முகவீணையும் பின்னால் நிற்கும் மேளமும் கூத்து மேடையில் இன்னும் இருக்கின்றன.

1990-இல் பெ. ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அதன் வளாகம் இருக்கிறது. நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்த ஹன்னா டி புரூயினும் அவரும் சேர்ந்து அதை நடத்தினார்கள். 2017-இல் கர்நாடக இசைப் பாடகர்கள் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் இருவரோடும் சேர்ந்து ‘கர்நாடிக் கட்டைக்கூத்து’ உருவானது. மகாபாரதக் கூத்துப் பகுதிகளும் கர்நாடக இசையும் ஒரே மேடையில் வந்தன.

சேர்க்கையின் முதல் முட்டுக்கட்டை சுருதி. கர்நாடக மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்கள் நாலரை, ஐந்து, ஐந்தரை. ஒலிபெருக்கி வருவதற்கு முன் கடைசி வரிசைவரை எட்டவேண்டியிருந்த கூத்து, ஆண் குரலையே பெண் குரலின் எல்லைவரை ஏற்றி வைத்திருக்கிறது. அடுத்தது உட்காருகிற முறை. கச்சேரிப் பாடகர் சம்மணமிட்டுப் பாடப் பயின்றவர். கூத்துக்காரர் நின்று, ஓடி, சுழன்று பாடப் பயின்றவர். ராகத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அதை உடம்பு தாங்குகிற விதம் வேறு. சபா ரசிகர்களுக்குக் கூத்தைக் கொண்டுபோன அளவுக்கு இந்த முயற்சி சபா இசையைக் கூத்துக் களத்துக்குக் கொண்டுவந்ததா என்றால், அந்தத் தராசு இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. திருவிழாவில் கூத்துக்கு முன்பணம் கொடுக்கும் ஊர்கள் கேட்பது முழு இரவுக் கூத்தைத்தான்.

இந்தச் சேர்க்கையைவிடப் பெரிய பரிசோதனை என்று நான் கருதுவது அதே வளாகத்தில், அவ்வளவு விளம்பரமில்லாமல் நடந்தது. கூத்து ஆண்களின் கலையாக இருந்துவந்தது. பெண் வேடமும் ஆண்களே கட்டினார்கள். 2002-இல் சங்கம் தொடங்கிய குருகுலம் பையன்களோடு பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. ‘கர்நாடிக் கட்டைக்கூத்’தில் ஆடிய திலகவதி பழனி அங்கிருந்து வந்தவர். ஆண்கள் சிரமப்பட்டு ஏறிய சுருதி இந்தப் பெண்களுக்கு எட்டாத உயரத்தில் இல்லை. கட்டை பூட்டி, ஆண் வேடமும் ஏற்று, பாடிக்கொண்டே ஆடும் பெண்களை இந்த மாவட்டம் மறுபடி பார்க்கிறது. பாலசரஸ்வதி வந்த வழிக்கும் இவர்கள் வந்த வழிக்கும் சாதியிலோ பயிற்சியிலோ தொடர்பு இல்லை. பாடும் பெண்ணையும் ஆடும் பெண்ணையும் இரண்டு பேராக்கிய சீர்திருத்தம் கூத்துக் களத்தை எட்டியதே இல்லை. அதனால் இவர்கள் எதையும் மீட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த அடியைப் பின்பாட்டுக்குக் கொடுத்துவிட்டு ஆட வேண்டியதுதான் இருந்தது.