பரஸ்பரக் கல்வி (கணினி அமைப்பாக்கத்தில்)

பரஸ்பரக் கல்வி என்பது, ஒரு கணினி அமைப்பை வகுக்கும் நிபுணரும், அதனைக் கொண்டு நாள்தோறும் வேலை செய்யவிருக்கும் தொழிலாளரும், ஒருவர் தொழிலை மற்றவர் கற்று, இருவரும் கூடி அவ்வமைப்பின் உருவத்தை நிர்ணயிக்கும் முறையாகும். நிபுணர் வினவத் தொழிலாளர் விடை கூறுவதோடு முடிந்துபோகும் விசாரணை இதற்குப் போதாது. பல்லாண்டுப் பழக்கத்தால் கையிலும் கண்ணிலும் ஊறிய தொழிலறிவில் பெரும்பகுதி கேட்ட மாத்திரத்தில் சொல்லில் அடங்குவதில்லை. கணினியால் எதெது சாத்தியம் என்று அறியாத தொழிலாளருக்கோ, தமக்கு இன்னது வேண்டுமென்று கேட்கவும் வழியில்லை.

இம்முறை ஸ்காண்டினேவிய நாடுகளில் வளர்ந்தது. சிமுலா என்னும் நிரல்மொழியை ஓலே யோஹான் டாலுடன் சேர்ந்து ஆக்கிய நார்வே அறிஞர் கிறிஸ்டன் நிகார்ட், 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டு இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் கூடி, ஆலைகளில் புகுந்துவந்த கணினி முறைகளைத் தொழிலாளரே பயின்று, அவற்றைக் குறித்துத் தம் அபிப்பிராயத்தை உருவாக்கிக்கொள்ள வழிசெய்தார். ஸ்வீடனில் வேலைத்தல முடிவுகளில் தொழிலாளர்க்குப் பங்கு அளித்த 1976ஆம் ஆண்டுச் சட்டமும், வலிமை மிக்க சங்கங்களும் இம்முயற்சிகளுக்கு ஆதாரமாயின.

இவற்றுள் விசேஷமானது, 1981 முதல் 1985 வரை நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் ஒத்துழைப்போடு ஸ்வீடன், டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் நடத்திய உடோப்பியாத் திட்டமாகும். பெல்லே ஏன், மார்ட்டன் கிங், சூசன் பட்கர் முதலியோர் இதில் ஈடுபட்டனர். நாளிதழ்ப் பக்கங்களை அமைப்பதற்கான கணினிக் கருவியை அவர்கள் முதலில் வரைபடங்களாலும் விவரணங்களாலும் விளக்க முயன்றனர். அச்சுத் தொழிலாளர்க்கு அவை பயன்படவில்லை. ஆகவே ஒட்டுப்பலகையாலும் அட்டையாலும் காகிதத்தாலும் மாதிரி வேலைமேசை ஒன்றைச் சமைத்து, வெற்று அட்டைப்பெட்டியின்மேல் லேசர் அச்சுப்பொறி என்று எழுதி வைத்தனர். தொழிலாளர் அதன்முன் அமர்ந்து, திரைக்குப் பதிலாக வைத்த காகிதங்களைப் படிப்படியாக மாற்றி, ஒரு பக்கத்தை அமைத்துக் காட்டியபோது, வாய்மொழியில் வெளிப்படாத தொழில் நுணுக்கங்களை நிபுணர் கண்டறிந்தனர். வரவிருக்கும் யந்திரத்தின் இயல்பைத் தொழிலாளரும் உணர்ந்தனர். குறை தோன்றிய இடத்தில் அட்டையை வெட்டித் திருத்த இருதரப்பினரும் தயங்கவில்லை.

அதே பத்தாண்டில் ஆஸ்லோவில் நடந்த புளோரன்ஸ் திட்டத்தில், ஆராய்ச்சியாளர் மருத்துவமனைக் கூடங்களில் செவிலியரின் பணியை உடனிருந்து கற்றனர். செவிலியர் கணினியைக் கற்றனர். பணிநேர முறை மாறும்போது ஒருவர் மற்றவரிடம் நோயாளியரை ஒப்படைக்கையில் கையில் வைத்திருக்கும் வேலைத்தாளைக் கணினி வழியே தயாரிக்கும் அமைப்பு இக்கூட்டுறவில் உருவாயிற்று.

இம்முறைக்குக் காலமும் பொருளும் மிகுதியாக வேண்டும். வேலை நேரத்தில் பயில முதலாளி இசையாவிடினும், கருத்துரைக்கத் தொழிலாளர் அஞ்சினும், அது பெயரளவில் நின்றுவிடும். உடோப்பியாவில் பிறந்த கருவி சந்தையில் நிலைபெறாவிடினும், அதன் செய்முறை நிலைபெற்று, 1990இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பங்கேற்பு வடிவமைப்பு எனப்படும் இத்தகைய அமைப்பாக்கத்துக்கென்றே மாநாடு கூடுமளவுக்குப் பரவியது. ஒரு தொழிலுக்கான கருவியை வகுப்பதில் அத்தொழிலைச் செய்வோருக்கு உரிமை உண்டு என்பதே இம்முறையின் அடிப்படை. அவர்களை ஒதுக்கி வகுத்த கருவி, எத்துணை நுட்பமுடையதாயினும், அத்தொழிலுக்குப் பொருந்துவது அரிது.