வெள்ளமும் வறட்சியும்: சென்னை ஜனங்களின் நீர் ஞாபகம்

2015 டிசம்பர் முதல் தேதி ஒரே நாள் மழையாகத் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டித் தீர்க்க, 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டு, கரையோரத்துக் குடித்தனங்களெல்லாம் மொட்டை மாடிகளில் அடைக்கலம் புகுந்தன. அதே ஏரி 2019 ஜூன் மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து, நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், ரயிலேறிக் குடிநீர் வந்தது. இவ்விரண்டு துன்பங்களுக்கும் நடுவே கழிந்த காலம் மூன்றரை ஆண்டுகளே. எனினும் வெள்ளத்தை ஒரு விபத்தாகவும் வறட்சியை மற்றொரு விபத்தாகவும் கருதி, ஒன்று வரும்போது மற்றொன்றை மறந்துவிடும் சுபாவம் நம்மிடம் வேரூன்றியிருப்பது ஏன் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

அறியாமையே காரணம் என்று விடை கூறுவது வழக்கம். அவ்விடை எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்க நாட்டில் 1936இல் வெள்ளத் தடுப்புச் சட்டம் நிறைவேறி அணைகளும் கரைகளும் பெருகிய காலத்தில், கில்பர்ட் வைட் என்ற புவியியல் அறிஞர் 1945இல் வெளியான தம் ஆய்வில், கரையை நம்பி மக்கள் ஆற்றுப் படுகையில் மேலும் மேலும் குடியேறுவதால் நஷ்டம் குறைவதற்குப் பதில் வளரக்கூடும் என்பதை எடுத்துக்காட்டினார். அவருடைய வழிவந்த ராபர்ட் கேட்ஸ், டென்னசி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து 1962இல் எழுதியபோது, மனிதர் தாம் கண்ட வெள்ளத்தின் அளவுக்குமேல் வேறொன்றைக் கற்பனை செய்யத் தயங்குகின்றனர் என்று நிறுவினார். சென்னையின் கதையோ இதனினும் விசித்திரமானது: இங்கே கண்ட வெள்ளமே மறந்துபோகிறது. ஆதலால், ஞாபகம் எங்கே குடியிருக்கிறது என்ற கேள்வி எழுகிறது.

ஞாபகம் தொழிலில் குடியிருக்கிறது என்பது என் துணிபு. தொண்டை மண்டலத்து ஏரிப் பாசன ஊர்களில், வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதும், கரையில் மண் அணைப்பதும், கலங்கலைச் செப்பனிடுவதும், மதகை எவ்வளவு திறப்பது என்று நீர்க்கட்டி என்னும் ஊர்ப் பணியாளர் நிதானிப்பதும் ஆண்டுதோறும் நிகழ்ந்த காரியங்கள். கரையில் மண் போடுகிறவன் எந்த வருஷம் எந்த இடத்தில் உடைப்பெடுத்தது என்பதைக் கையால் அறிந்தான், கலங்கலைச் செப்பனிடுகிறவன் உபரிநீர் எந்த வழியே போகும் என்பதைக் காலால் அறிந்தான். வெள்ளத்தைத் தாங்கும் கரையும் கோடைக்கு நீரைத் தேக்கும் கரையும் ஒன்றேயாதலால், பயமும் பற்றாக்குறையும் அவன் மனத்தில் பிரிந்து நிற்க இடமில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று தனியே ஒரு குழுவை வகுத்து, அதன் உறுப்பினர்க்கு 360 நாள் தவணை விதித்ததும் இந்த வருஷாந்திரக் கடமையின் கௌரவத்தை உணர்த்தும். இதைப் பொற்காலமென்று போற்றுவது நேர்மையாகாது. நீர்க்கட்டியாக நின்றவர் பலர் தாழ்த்தப்பட்ட குடியினர். மதகைத் திறந்த கைக்குப் பல ஊர்களில் நிலம் இருந்ததில்லை. ஊரார் கூடி ஏரியைப் பேணும் குடிமராமத்தை 1858இல் சென்னை அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டமாக்க நேர்ந்ததிலிருந்தே, மனமுவந்த ஒத்துழைப்பு எங்கும் நிலவவில்லை என்பது வெளிப்படை. ஆனால் அநீதியை நீக்குகிறோமென்று அந்தக் கடமையையே நீக்கிவிட்ட நகரம், நீதியையும் பெறவில்லை, நீரையும் காக்கவில்லை.

நகரம் ஏரிகளின்மேலேயே எழுந்தது. மயிலாப்பூரின் நெடிய ஏரி இருந்த இடத்தில் 1920களில் தியாகராய நகர் உருவாயிற்று. நுங்கம்பாக்கம் ஏரிப் படுகையில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும், பார்ப்பதற்கு ஏரியில்லாமல், பலகையில் தொங்குகிறது. வீடு வாங்க வருகிறவர் பட்டா தெளிவா, மெட்ரோ வாட்டர் வருமா, போர் எத்தனை அடி என்று மூன்றையும் கேட்கிறார். மேலேயுள்ள ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கேட்டவரை நான் கண்டதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மட்டத்தைச் சித்திரையில் பத்திரிகையில் தேடிப் படிப்பவரும், ஐப்பசி பிறந்ததும் அந்தப் பத்தியைக் கடந்துபோகிறார். குழாயைத் திறந்தால் நீர் வருகிறவரை, அது எங்கிருந்து எவ்வழியே வருகிறது என்ற சிந்தனைக்கு அவசியமே நேர்வதில்லை.

2003இல் தமிழகத்துக் கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது; அது மகத்தான முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது தொட்டியைக் கட்டச் செய்ததே தவிர, ஆண்டுதோறும் அதைத் திறந்து மணலை அள்ளும் வழக்கத்தை வீடுகளில் நிலைநாட்டவில்லை. நான் பார்த்த தொட்டிகளில் பல, சருகும் மண்ணும் அடைந்து, மேலே மூடியோடு சேர்த்துப் பூசப்பட்டுக் கிடக்கின்றன. அறிவுரைச் சுவரொட்டிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையேனும், புரட்டாசியில் தெருத் தெருவாக வடிகாலையும் சேகரிப்புக் குழியையும் தூர்வாரும் பணிக்கு, உரிய கூலியும் மரியாதையும் தந்து ஒதுக்குவதே முதற் காரியம். மற்றொன்று பத்திரப் பதிவைச் சார்ந்தது. நில வகை மாற்றப்பட்ட மனைக்குப் புதிய பட்டா கிடைத்ததும், ஏரிப் புறம்போக்கு என்ற பழைய சொல் வாங்குகிறவர் கண்ணில் படாமற் போய்விடுகிறது; அந்தச் சொல்லும், 2015இல் அவ்விடத்தில் நின்ற நீரின் உயரமும், ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் எல்லை மாலுக்கு அடுத்த வரியாக எழுதப்பட வேண்டும்.